எழுபது கிலோ

மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. இது என் கண்டுபிடிப்பில்லை. சுமை இழுக்கிற, சுமக்கிற விலங்குகள் வதைபடக் கூடாது என்று இந்திய அரசு 1965-இல் போட்ட விதிகளில் இருக்கிற எண். கழுதைக்கு 50, மட்டக்குதிரைக்கு 70, ஒட்டகத்துக்கு 250. இமயமலையில் 'குதிரைச் சவாரி' என்று நம்மை ஏற்றிவிடுவது பெரும்பாலும் மட்டக்குதிரை அல்லது கோவேறு கழுதை. இனி நம் ஊர் ஆட்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். வாழையிலை பிரியாணிக்குப் பிறகும் தே தாரிக்கில் பாலும் சீனியும் குறையாத ஈப்போ மக்கள். நான் 84 கிலோ. சேணமும் பையும் குளிர்ச்சட்டையும் சேர்த்தால் நூறைத் தொடுவேன்.

மலேசியாவிலிருந்து வட இந்தியாவுக்கும் கைலாயத்துக்கும் ஆள் கூட்டிப் போகிற பயண நிறுவனங்களின் துண்டறிக்கைகளைக் கொஞ்ச காலமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். பசியாறல் உட்பட, ஹோட்டல் உட்பட, வழிகாட்டி உட்பட, குதிரை உட்பட. இல்லாவிட்டால் 'குதிரைக் கட்டணம் தனி'. முன்பதிவுப் படிவத்தில் கடப்பிதழ் எண் கேட்பார்கள். சைவமா அசைவமா, யாரோடு அறையைப் பகிர்ந்துகொள்வீர்கள், ரத்த வகை என்ன, எல்லாம் கேட்பார்கள். எடை கேட்ட படிவம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. பொம்பளைங்ககிட்ட எடை கேட்டா கோவிச்சுக்குவாங்க என்று ஒரு ஏஜென்ட் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆம்பளைங்ககிட்ட ஏன் கேட்கலை என்றேன். அதற்குப் பதில் இல்லை.

சிலிபினில் நான் வேலை செய்யும் ஆலையில் ஒரு சின்ன ஹாய்ஸ்ட் இருக்கிறது. அதற்குப் பி.எம்.ஏ. எண் உண்டு. ஜே.கே.கே.பி. அதிகாரி வந்து சோதித்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் அது ஓடும். எவ்வளவு தூக்கலாம் என்று அதன் உடம்பிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்த எடையைத் தாண்டி ஒருவன் தூக்கினால் அவனைக் கூப்பிட்டு விசாரிப்பது என் வேலைகளில் ஒன்று. இரும்புக்கு நாம் கொடுக்கிற மரியாதை இது. சதையும் எலும்பும் உள்ள ஒன்றின் முதுகில் ஏறும்போது மட்டும், 'அதெல்லாம் அங்க ஆளுங்க பாத்துக்குவாங்க தம்பி' என்கிறார்கள்.

ஏஜென்ட்டுகளில் விவரம் தெரிந்தவர் உடனே மடக்குவார்: கேதார்நாத்தில் ஓடுவது பெரும்பாலும் கோவேறு கழுதை, அதற்கு அதே விதியில் 200 கிலோ வரை இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் அந்த விதிகளிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. வண்டி இழுக்கும் விலங்குக்கு, ஏற்றம் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் நீண்டு, 30 மீட்டருக்கு 3 மீட்டருக்கு மேல் உயர்ந்தால், சுமையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இது வண்டிக்கான விதி, சவாரிக்கானது இல்லை. ஆனால் சரிவில் சுமையின் கணக்கு மாறும் என்பதை 1965-இல் ஓர் அதிகாரி புரிந்துகொண்டிருக்கிறார். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு 16 கிலோமீட்டர். கௌரிகுண்டு ஏறக்குறைய 1,980 மீட்டர் உயரத்தில், கேதார் 3,583 மீட்டர் உயரத்தில். வகுத்துப் பாருங்கள். 30 மீட்டருக்கு 3 மீட்டர், அதுவும் சராசரியே அவ்வளவு. படிக்கட்டாகச் செங்குத்தாக ஏறும் இடங்களில் எவ்வளவு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏற ஏறக் காற்றில் பிராணவாயு குறையும் என்பது இந்தக் கணக்கில் இன்னும் வரவே இல்லை.

உலகம் முழுக்கக் குதிரை வளர்ப்பவர்கள் பின்பற்றும் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. விலங்கின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சேணத்தோடு சேர்த்து. 250 கிலோ மட்டக்குதிரை என்றால் 50 கிலோ. கிரேக்கத்தின் சாண்டோரினி தீவில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து கழுதைகள் படிக்கட்டு ஏறும் படங்கள் உலகெங்கும் பரவிய பிறகு, 2018-இல் அந்நாட்டு அரசு இதையே ஆணையாகப் போட்டது. 100 கிலோ, அல்லது விலங்கின் எடையில் ஐந்தில் ஒன்று, அதற்கு மேல் ஏற்றாதே. சாண்டோரினியில் பனியும் இல்லை, மூச்சுத் திணறும் உயரமும் இல்லை.

எடையோடு விஷயம் முடிந்துவிட்டால் பரவாயில்லை. பனிமலையில் குதிரைப் பயணம் திட்டமிடுவது என்றால் என்ன என்பதே நம் ஏஜென்ட்டுகளுக்குத் தெரியவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. அவர்களுடைய திட்டம் விமான டிக்கெட்டிலிருந்து தொடங்குகிறது. அது குதிரையின் வயிற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆமாம், வயிற்றிலிருந்து. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நார்த்தீவனம் தின்று, நிறையத் தண்ணீர் குடித்தால்தான் அந்தக் குடல் நகரும். சாதாரணமாகவே ஒரு நாளைக்கு 25 லிட்டருக்கு மேல் குடிக்கும். மலையில் தண்ணீர் உறைகிற குளிரில் இருந்தால் குதிரை குறைவாகக் குடிக்கும். சுற்றிலும் பனிதான் கிடக்கிறதே, அதைத் தின்னட்டுமே என்பார்கள். வாளி நிறையப் பனியை அள்ளி உருக்கினால் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் தேறும். அதை உருக்கவும் குதிரை தன் உடம்புச் சூட்டைத்தான் செலவழிக்க வேண்டும். தண்ணீர் போதாமல் காய்ந்த தீவனத்தை மட்டும் தின்று வேலை செய்தால் குடல் அடைத்துக்கொள்ளும். நின்ற இடத்தில் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும், பிறகு செத்துப்போகும்.

கேதாரில் நடந்தது இதுதான். 2022 யாத்திரையின் முதல் சில வாரங்களிலேயே அறுபதுக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செத்தன. ஓய்வில்லாமல் ஓட்டியது, போதிய தண்ணீர் கொடுக்காதது, வயிற்று வலி என்று செய்திகளில் காரணம் வந்தது. அதற்குப் பிறகு வழியில் வெந்நீர் ஏற்பாடு செய்தார்கள், ஒரு விலங்குக்கு ஒரு நாளில் ஒரு நடைதான் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் இரண்டே நாளில் 14 விலங்குகள் செத்தன. அப்போது அந்த வட்டாரத்தில் குதிரைச் சளிக்காய்ச்சல் பரவியிருந்தது. ஒரு நாள் முழுக்கச் சவாரியை நிறுத்தினார்கள். நிறுத்திய அன்று பக்தர்கள் பட்ட அவதியைச் சிலர் காணொளி எடுத்துப் போட்டிருந்தார்கள். செத்துப்போன விலங்குகளுக்கு யாரும் காணொளி போட்டதாகத் தெரியவில்லை.

வயிற்றுக்குப் பிறகு குளம்பு. இரும்பு லாடம் அடித்த குளம்பின் அடியில் ஈரப்பனி ஒட்டி, உருண்டையாக இறுகி, குதிரை ஹீல்ஸ் போட்டதுபோல் தள்ளாடும். லாடத்துக்கு அடியில் பட்டை வைப்பது, பிடிமானத்துக்கு முள் வைத்த லாடம் போடுவது, அடிக்கடி நின்று குத்தி எடுப்பது, இதெல்லாம் பனிநாட்டுக் குதிரைக்காரர்கள் செய்வது. அடுத்தது நேரம். காலையில் இறுகிக் கிடக்கும் பனி மதியத்துக்கு மேல் இளகும். காலையில் குதிரையைத் தாங்கிய அதே மேல்தட்டு மதியம் உடைந்து கால் உள்ளே இறங்கிவிடும். ஆகவே மலைக்காரன் விடியுமுன் கிளம்பி நண்பகலுக்குள் திரும்பப் பார்ப்பான். நம் ஆட்கள் ஹோட்டல் பசியாறல் முடித்து, குரூப் படம் எடுத்து, ஒன்பதரைக்குக் கிளம்புவார்கள்.

அப்புறம் வியர்வை. ஏற்றத்தில் நனைந்த குதிரையை உச்சியில் குளிர்காற்றில் அப்படியே கட்டிப்போடக் கூடாது. வாரை இளக்கி, கொஞ்ச தூரம் நடத்தி, ஆற வைத்துப் போர்வை போட வேண்டும். செங்குத்து இறக்கத்தில் சவாரிக்காரர் இறங்கி நடக்க வேண்டும். இது குதிரைக்காக மட்டும் இல்லை, நமக்கும்தான். பனியில் குதிரைமேல் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு, பக்கத்தில் நடந்து வருபவரைவிடச் சீக்கிரம் கைகால் மரத்துப்போகும். கைலாயத்தில் டோல்மா கணவாயின் மறுபக்கம் இறங்கும்போது எல்லாரையும் குதிரையிலிருந்து இறக்கிவிட்டுவிடுவார்கள். துண்டறிக்கையில் அது இருக்காது. காசு கட்டிட்டோம்ல, ஏன் நடக்கணும் என்று 5,600 மீட்டர் உயரத்தில் நின்று சண்டை போடுவார்கள்.

போன வருடம் எங்கள் பெரியம்மாவும் அவர் கோயில் தோழிகளுமாகப் பதினொரு பேர் எட்டு நாள் பயணத்திட்டம் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். இஞ்சினியர் பையன், படிச்சுப் பார்த்துச் சொல்லட்டும் என்று. நாலாவது நாள்: அதிகாலை குப்தகாசியிலிருந்து கிளம்பி, கௌரிகுண்டில் குதிரை ஏறி, கேதார் தரிசனம், அன்றே குதிரையில் இறங்கி, இரவு குப்தகாசி. ஒரே நாளில் 32 கிலோமீட்டர், 1,600 மீட்டர் ஏறி 1,600 மீட்டர் இறங்க வேண்டும். அதே 1965 விதிகளில் விலங்கை ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல், ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று இருக்கிறது. இந்த ஐந்து மணி நேரம் எனக்குப் பழக்கமான எண். நம் நாட்டு வேலைச் சட்டமும் தொழிலாளியைத் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. எனக்கு எம்.சி. உண்டு, குதிரைக்கு அதுவும் கிடையாது.

மலையேறும் மருத்துவம் தெரிந்தவர்கள், 3,000 மீட்டருக்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பார்கள். இந்தத் திட்டத்தில் யாரும் மேலே தூங்கவே போவதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று ஏஜென்ட் வாதிட்டார். அறுபது வயதைத் தாண்டிய, ரத்த அழுத்த மாத்திரை போடுகிற பதினொரு பெண்கள். நான் இரண்டு இரவு கூடுதலாகக் கேட்டேன், ஒன்று கீழே, ஒன்று மேலே. ஏறவும் இறங்கவும் வெவ்வேறு விலங்கு, பதினொரு பேரின் எடை, 70-க்கு மேலே இருப்பவர்களுக்கு டோலி அல்லது வேறு ஏற்பாடு. புது விலை தலைக்கு அறுநூற்றுச் சொச்சம் வெள்ளி கூடி வந்தது. நாலு பேர் விலகிக்கொண்டார்கள். மீதி ஏழு பேர் எடையை எழுதிக் கொடுத்தார்கள். 'செருப்போடவா, செருப்பில்லாமலா?' என்று ஒருவர் கேட்டார்.

அறுநூறு வெள்ளிதான் வித்தியாசம். குதிரையைக் கொல்வது கல்நெஞ்சக் குதிரைக்காரன் என்று நாம் நம்ப விரும்புகிறோம். சீசன் சில மாதங்கள்தான். அதற்குள் விலங்கு வாங்கிய கடனை அடைக்க வேண்டும், வருடம் முழுக்கத் தீவனம் போட வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் காலையில் ஏறி மாலையில் இறங்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். இரண்டாவது நடைக்கான தேவையை உண்டாக்குவது நம் எட்டு நாள் திட்டம், நம் பள்ளி விடுமுறை, நம் வருடாந்திர விடுப்பு. திட்டம் ஈப்போவில் தட்டச்சாகிறது, விலங்கு கேதாரில் விழுகிறது.

2023 செப்டம்பரில் நான் அம்மாவோடு அங்கே போயிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், எடை 58. அவர் குதிரையில், நான் பின்னால் நடை. குதிரைக்காரப் பையனுக்கு இருபது வயது இருக்கும், நேபாளத்திலிருந்து வந்தவன், ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தான். அம்மா உட்கார்ந்து போன பதினாறு கிலோமீட்டரையும் அவன் நடந்தே வந்தான், பாதி தூரம் ஒரு கையால் அம்மாவின் முதுகைத் தாங்கியபடி. மேலே அம்மாவை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதே விலங்கின் மேல் இன்னொருவர் ஏறிக் கீழே போனார். பையன் மறுபடியும் நடந்தான். அவனுடைய ஒன்பது மணி நேரத்தை எந்த விதி எண்ணுகிறது?

அதனால்தான் 'குதிரைகளைத் தடை செய்' என்று கோலாலம்பூர் காப்பிக்கடையில் உட்கார்ந்து பதிவு போடுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. தடை செய்தால் அம்மா எப்படிப் போவார்? ஹெலிகாப்டரிலா? 2025 ஜூன் 15-ஆம் தேதி கேதாரிலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் கௌரிகுண்டு அருகே விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் நிறுவனத்துக்குப் போகிற பணம் அந்த மலைக்கிராமத்துக்கு எவ்வளவு திரும்பும்? பஹல்காமில் பைசரன் புல்வெளிக்கு மட்டக்குதிரையில்தான் பெரும்பாலானோர் போவார்கள். 2025 ஏப்ரல் 22 அன்று அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட 26 பேரில் ஒருவர் சையத் ஆதில் ஹுசைன் ஷா, குதிரைக்காரர். பயணிகளைக் காப்பாற்றப் பார்த்துக் குண்டடி பட்டார் என்று செய்திகள் சொல்லின. தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரில் பல சுற்றுலா இடங்களை மூடினார்கள். அந்த சீசனில் ஆயிரக்கணக்கான குதிரைகளுக்குத் தீவனம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்தோம்? சவாரி வேண்டும். அந்த மக்களின் கையில் காசு சேர வேண்டும். ஒரு நடைக்கு இரண்டு நடைக்கான கூலி கொடுத்தால் குதிரையும் பிழைக்கும், அவனும் பிழைப்பான். இதைத் திட்டத்தில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இலக்கிய இதழில் எதற்கு லாடமும் தீவனமும் என்று கேட்கலாம். நாம்தான் காரணம். தமிழில் வந்த இமயப் பயணக் கட்டுரைகளை, இங்கே எழுதப்பட்டவை உட்பட, ஒரு மாதமாகத் தேடித் தேடிப் படித்தேன். மேகம் வருகிறது, மௌனம் வருகிறது, பிரபஞ்சம் வருகிறது, தன்னை இழப்பது நிறைய வருகிறது. குதிரைக்கு ஒரு வரி. ஆடியது, பயமாக இருந்தது, பின்புறம் வலித்தது. குதிரைக்காரனுக்கு இரண்டே வேடம்: கூடக் காசு கேட்கும் ஏமாற்றுக்காரன், அல்லது கள்ளங்கபடமற்ற மலையின் மைந்தன். அவன் பெயரைக் கேட்டவர் அபூர்வம். அவன் எங்கே தூங்குகிறான், குதிரை அவனுடையதா முதலாளியுடையதா, முதுகில் சேணத்துக்கு அடியில் புண் இருக்கிறதா என்று பார்த்தவர் அதைவிட அபூர்வம். தன்னை இழக்கும்போது 84 கிலோவையும் சேர்த்து இழக்க முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், நாம் யார் என்பது. தோட்டத்தில் தொரை குதிரையில் வருவார், நம் பாட்டன்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். லயத்துக்கும் லாயத்துக்கும் ஒரு கால்தான் வித்தியாசம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்வார். சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் முதல் முறையாகக் குதிரை ஏறுகிறோம், நல்லது, ஏறுவோம். ஆனால் தொரை உட்கார்ந்த மாதிரியே உட்கார வேண்டுமா?

தெய்வத்தைப் பார்க்கத்தானே போகிறோம். அந்தத் தெய்வத்தின் கதை நமக்குத் தெரியாதா? மாணிக்கவாசகர் பாண்டியனுடைய குதிரைப் பணத்தைப் பெருந்துறைக் கோயிலில் செலவழித்துவிட்டு மாட்டிக்கொண்டபோது, நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தவர் யார்? சிவன் அன்று குதிரைக்காரனாக வந்தார். பின்னொரு படலத்தில் பிட்டுக்கு மண் சுமக்கும் கூலியாளாக வந்து முதுகில் பிரம்படி வாங்கினார். அந்த அடி அரசன் முதுகிலும் ஊரார் முதுகிலும் விழுந்தது. வெள்ளிக்கிழமை தோறும் இந்தக் கதையைச் சொற்பொழிவில் கேட்டுக் கண் கலங்குகிறவர்கள்தான், கேதாரில் 'சீக்கிரம் ஓட்டச் சொல்லு, தரிசனம் மூடிடுவான்' என்று இந்தியில் கத்தக் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

இந்த 2026 திபெத்தியக் கணக்கில் குதிரை வருடம். குதிரை வருடத்தில் கைலாயத்தை ஒரு முறை சுற்றினால் பதின்மூன்று முறை சுற்றிய புண்ணியம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதை நம் ஏஜென்ட்டுகளும் கண்டுபிடித்துவிட்டார்கள், விளம்பரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. மூன்று நாள், 52 கிலோமீட்டர், படத்தில் பளபளவென்று ஒரு வெள்ளைக்குதிரை, நம் தோட்டக் கோயில் முனியாண்டி குதிரையை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி. கீழே இருந்த எண்ணுக்கு அழைத்து, ஆளுக்கு எடை வரம்பு உண்டா, இரண்டாவது நாள் வேறு குதிரை கிடைக்குமா என்று கேட்டேன்.

"குதிரை வேணுமா சார்? இப்பவே பேரு குடுத்துடுங்க. இந்த வருஷம் கூட்டம் அதிகம், குதிரை பத்தாது."